வலது ஓரத்துப் பெட்டி

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் நான்கு வருடங்கள் வேலை செய்தேன். கீழே ஃபோட்டோ கொப்பி எடுப்பார்கள். மேல்மாடியில் பழுது பார்ப்பார்கள். முதலாளி என்னைவிடப் பத்து வயது மூத்த முஸ்லிம். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் ஊரே அவரை நானா என்று கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் போய்ச் சேர்ந்த பிறகு கடைக்கு மூன்றாவதாக ஒரு வேலை வந்தது. கேட்பவர்களுக்குச் சின்னச் சின்ன மென்பொருள் எழுதிக் கொடுப்பது. ஒரு டியூஷன் வகுப்புக்கு, ஒரு மருந்துக்கடைக்கு, பிறகு ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவுக்கு.

பிள்ளைக்காம்பரா என்பது தோட்டத்துத் தாய்மார் காலையில் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். அக்கரப்பத்தனைப் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தின் நலன்புரி அதிகாரி ஒரு சிங்களப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவார். தோட்டமே அவரை மிஸ் என்றது. அவர்தான் கடைக்கு வந்து கேட்டார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் வேண்டும். பெயர், பிறந்த திகதி, தாய் வேலை செய்யும் மலை, தடுப்பூசி, எடை, எதைச் சாப்பிடும், எதைக் கொடுக்கக் கூடாது. எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். அதுவரை இவற்றை நோட்டுக் கொப்பிகளில் கையால் எழுதி வைத்திருந்தார்கள். "அந்தக் கொப்பியைப் பார்த்து எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றார்.

நான் அதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து ஆரம்பித்தேன். திரையில் ஒரு பெட்டியை வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இடப்பக்கத்திலிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி, அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் நாமே எண் கொடுத்து ஆணியடித்தாற்போல நிறுத்துவது. மற்றது, 'இது மேலே, இது நடுவில், இவை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்' என்று உறவை மட்டும் சொல்லிவிட்டு, அளவையும் இடத்தையும் கணிக்கும் பொறுப்பை லேஅவுட் மேனேஜர் என்ற ஏற்பாட்டிடம் விட்டுவிடுவது. திரை சிறிதானால் அது எல்லாவற்றையும் ஒடுக்கி அடுக்கும். பெரிதானால் பரத்தும்.

படிக்கும்போதே எனக்கு இரண்டாவது வழி பிடிக்காது. நான் வைத்த இடத்தில் எதுவும் நிற்காது. ஒரு பட்டனை நடுவில் போடச் சொன்னால் அது விண்டோ முழுக்க வீங்கி உட்கார்ந்துகொள்ளும். நான் ஒழுங்கு பிடித்தவள். என் மேசையில் பேனாக்கள்கூட நீள வரிசைப்படிதான் கிடக்கும். அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் நானே எண் கொடுத்தேன். 'கவனிக்க வேண்டியவை' என்ற பெட்டியை மட்டும் தனியாக வலது ஓரத்தில், சிவப்புக் கரையோடு வைத்தேன். கடையிலிருந்த அகலத் திரையில் அது கொழும்பு வேலைபோல இருந்தது. யாரும் இழுத்துக் குழப்பிவிடக் கூடாது என்று விண்டோவின் அளவை மாற்ற முடியாதபடி பூட்டியும் வைத்தேன்.

நானா பார்த்துவிட்டு, "என்னா புள்ள, அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அன்று முழுக்கச் சிரிப்பு வாயைவிட்டுப் போகவில்லை.

பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பதை நெருங்கிய ஓர் அக்கா. பத்தொன்பது குழந்தைகளும் அவருக்கு மனப்பாடம். யார் சோற்றில் ரசம் கேட்கும், யாரை இடப்பக்கமாகப் படுக்க வைத்தால் தூங்கும் என்பதுவரை தெரியும். கம்ப்யூட்டரைத் தொட முதலில் பயந்தார். இரண்டு நாள் பக்கத்திலிருந்து பழக்கினேன். மூன்றாம் நாள் அவரே எடைகளை ஏற்றிவிட்டார். மிஸ்ஸின் ஒஃபிஸ் லெப்டொப்பிலும் அதே பக்கங்கள் திறக்கும்படி செய்தேன். புறப்படும்போது நான் சொன்னேன், "இனிமே கொப்பி வேணாங்க அக்கா. எல்லாம் இதுல இருக்கு." அவர் கொப்பிகளை ஒரு சாக்கில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றினார்.

எட்டு மாதம் கழித்து, மழைக்காலத்தில், அந்த அக்கா கடைக்குப் போன் செய்தார். இடி விழுந்து திரை எரிந்துவிட்டதாம். ஃபெக்டரியில் சும்மா கிடந்த பழைய திரையொன்றைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்களாம்.

"வேல செய்யுது தங்கச்சி. ஆனா மூடுறதுக்கு மேல ஒரு பெருக்கல் குறி இருக்குமே, அதக் காணல."

அன்று கடையில் கூட்டம். மருந்துக்கடைக்காரர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். "அது பரவாயில்லங்க அக்கா. வேல முடிஞ்சதும் கம்ப்யூட்டரையே நிப்பாட்டிருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மூடும் குறி விண்டோவின் வலது மேல் மூலையில் இருக்கும். அது காணவில்லை என்றால் அந்த மூலையே திரைக்கு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

பிறகு இரண்டு மாதம் எந்தச் செய்தியும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் மிஸ் கூப்பிட்டார். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"உங்க ப்ரோக்ராம்ல பிள்ளைக்கு எது குடுக்கக் கூடாதுன்னு எழுத இடம் இருக்குதானே?"

"இருக்கு மிஸ். வலது பக்கம், செவப்புக் கரை போட்டு."

"நானும் ஒஃபிஸ் லெப்டொப்ல தெறந்து பார்த்தேன். தெளிவா இருக்கு. சரி, அதுதான் கேட்டேன்."

என்ன நடந்தது என்று அவரே சொன்னார். அக்கா கண் பரிசோதனைக்காக இரண்டு நாள் கண்டிக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக, உயர்தர வகுப்பு வரை படித்துவிட்டு வீட்டிலிருந்த ஒரு பெண்ணை வைத்தார்கள். அன்றைக்குக் குழந்தைகளுக்கு முட்டை மசித்துக் கொடுத்திருக்கிறாள். இரண்டரை வயதுப் பிள்ளையொன்றுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண்ணே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, கொழுந்து லொறியை மறித்து ஏறியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பிள்ளை தப்பிவிட்டது.

"கம்ப்யூட்டர்ல இல்லேன்னு பொய் சொல்றா" என்றார் மிஸ். "இருக்கிறதை வாசிக்காம, இல்லேன்னு சொன்னா எப்படி? அவளை வேலையில இருந்து நிப்பாட்டிட்டேன்."

போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்காமல் எழுத வேண்டும். பிள்ளை பிழைத்தது என்ற நிம்மதியோடு, தவறு என் பக்கம் இல்லை என்ற நிம்மதியும் இருந்தது. நானாவிடம் சொன்னபோது அவர் "அல்ஹம்துலில்லாஹ், புள்ளைக்கு ஒண்ணும் ஆகல்ல" என்றார். நான் தேநீர் குடித்தேன். வேலையைத் தொடர்ந்தேன்.

மறுநாள் காலை அக்காவின் அழைப்பு வந்தது. கண்டியிலிருந்து திரும்பியிருந்தார்.

"தங்கச்சி, அந்தப் புள்ள பொய் சொல்லல. நான் இப்பத் தெறந்து பாக்குறேன். அந்தச் செவப்புப் பெட்டி இல்ல."

"ஒஃபிஸ்ல மிஸ் பார்த்திருக்காங்களே அக்கா."

"ஒஃபிஸ்ல இருக்கும். இங்க இல்ல. ரெண்டு மாசமாவே இல்ல. நீங்கதான் வேணாம்னு எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். எனக்குப் புள்ளைங்கள தெரியும், அதனால கேக்கல."

அப்போதுதான் பெருக்கல் குறி எனக்கு ஞாபகம் வந்தது.

பத்து மணி பஸ்ஸில் ஏறினேன். கொட்டகலை தாண்டியதும் மூடுபனி கண்ணாடியை அடைத்துக்கொண்டது. வழியெல்லாம் மனதில் கணக்குப் போட்டேன். பழைய சதுரத் திரையின் அகலம் ஆயிரத்து இருபத்து நான்கு புள்ளி. என் சிவப்புப் பெட்டி ஆயிரத்து நாற்பதாவது புள்ளியில் தொடங்குகிறது. பதினாறு புள்ளி வித்தியாசம். கண்ணால் பார்த்தால் ஒரு அரிசியின் நீளம்கூட வராது.

பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். திரையில் அந்தப் பிள்ளையின் பக்கம் திறந்திருந்தது. பெயர், திகதி, எடை, தடுப்பூசி. அதற்கு வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. ஏதோ வெட்டுப்பட்டது போலவாவது தெரிந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் அத்தனை ஒழுங்காக இடைவெளி விட்டு வைத்திருந்ததால் பக்கம் முழுமையாகவே தெரிந்தது.

"அந்தப் பொண்ணு எங்கங்க அக்கா?"

"லயத்துலதான். வெளிய வர்றதில்ல. பீலியில தண்ணி புடிக்கப் போன எடத்துல புள்ளையோட அம்மா எல்லாருக்கும் முன்னால ஏசிட்டா. அவளச் சொல்லியும் குத்தமில்ல. ஒத்தப் புள்ள."

நான் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனேன். வாசலில் நின்று யார் என்று சொன்னதும் அவளுடைய அம்மா உள்ளே விட யோசித்தார். அவளே எழுந்து வந்தாள். இருபது வயதிருக்கும். கண்கள் வீங்கியிருந்தன.

"தப்பு என்னோடது தங்கச்சி" என்றேன். "அந்தப் பெட்டி உள்ளுக்குள்ள இருக்கு. ஆனா அந்தத் திரையில தெரியாது. நீங்க பார்த்தப்ப அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே முடியாது."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நான் மூணு தடவ பாத்தேன் அக்கா" என்றாள். "காலைல வந்தோடன பத்தொம்பது புள்ளைங்க பக்கத்தையும் தெறந்து வாசிச்சேன். எல்லாரும் இருக்கு இருக்குன்னு சொன்னோடன எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நாந்தான் ஒழுங்கா பாக்கலையோன்னு. ராத்திரி கண்ண மூடுனா அந்தப் பக்கந்தான் வருது. அதுல தேடிக்கிட்டே இருக்கேன்."

அதைக் கேட்டபோது படியில் உட்கார்ந்துவிட்டேன். அவளுடைய அம்மா தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அதை வாங்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வாங்கிக் குடித்தேன்.

கடைக்குத் திரும்பி நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழுது பார்த்துக்கொண்டிருந்த பிரிண்டரை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இத நாம போய்ச் சொன்னா அதுக்குப் பொறகு தோட்டத்துப் பக்கம் ஒருத்தரும் நமக்கு வேல தரமாட்டாங்க. தெரியும்தானே?"

"தெரியும் நானா."

"சொல்லாட்டி வேல போன அந்தப் புள்ளட பேரு கெட்டுப்போயிரும்." கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டிருந்தார். "நீ தனியப் போகாத. நானும் வாறன்."

மறுநாள் இருவரும் மிஸ்ஸைப் பார்க்கப் போனோம். முதலில் அவர் நம்பவில்லை. "நான் என் கண்ணால பார்த்தேனே" என்றார். அவருடைய லெப்டொப்பை எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வரும்படி கேட்டேன். அங்கே மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பிள்ளையின் பக்கத்தைத் திறந்தேன். லெப்டொப்பில் சிவப்புக் கரைக்குள் 'முட்டை கொடுக்கக் கூடாது' என்று இருந்தது. பக்கத்துத் திரையில் அந்த இடமே இல்லை.

மிஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"போன்ல கேட்டப்ப இருக்குன்னு சொன்னீங்களே?"

"இருக்குன்னு சொன்னேன் மிஸ். தெரியுதான்னு பார்க்கல. திரை மாறினது எனக்குத் தெரியும். அக்கா போன் பண்ணிச் சொன்னாங்க. நான்தான் சரியா கேக்கல."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இருந்தது. ஆனால் அது என்மேல் மட்டும் இல்லை என்று அவருடைய முகத்தில் தெரிந்தது. "அந்தப் பிள்ளை அழுது அழுது சொன்னா" என்றார் மெதுவாக. "நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க அக்கா."

அக்கா தலையாட்டாமல் நின்றார். பிறகு சொன்னார், "நீங்களே போய்ச் சொன்னா நல்லது மிஸ். எல்லாருக்கும் முன்னாலதானே நிப்பாட்டுனீங்க."

மிஸ் ஒரு கணம் தயங்கினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு லயத்தை நோக்கி இறங்கினார். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து ஆட்கள் எட்டிப் பார்ப்பது மேலிருந்து எனக்குத் தெரிந்தது. அவர் அந்த வாசலில் நெடுநேரம் நின்று பேசினார். அதற்குள் அக்கா அலுமாரிக்கு மேலிருந்த சாக்கை இறக்கி, பழைய கொப்பிகளைத் துடைத்து மேசைமேல் அடுக்கினார். புதிய மென்பொருள் வரும்வரை அவைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு நானும் நானாவும் மேல்மாடியில் உட்கார்ந்தோம். அவர் பழுதுக்கு வந்து கிடந்தவற்றிலிருந்து மூன்று திரைகளைத் தேடி எடுத்து வரிசையாக வைத்தார். ஒன்று சதுரம், ஒன்று அகலம், ஒன்று மிகச் சிறியது. நான் எழுதிய எண்கள் எல்லாவற்றையும் அழித்தேன். நூற்றுக்கும் மேல் இருந்தன. எனக்குப் பிடிக்காத அந்த இரண்டாவது வழிக்கே போனேன்.

முதல் முயற்சியில் சேமிக்கும் பட்டன் திரையின் பாதியைப் பிடித்துக்கொண்டது. நானா, "இது பட்டனா, கடக் கதவா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் பல நாள் கழித்துச் சிரிப்பு வந்தது. பட்டனைத் தனியாக, பேனல் எனப்படும் ஒரு தட்டுக்குள் வைத்து, அந்தத் தட்டைக் கீழே வைத்தால் அது தன் அளவில் நிற்கும் என்று மத்தியானத்துக்குள் பிடிபட்டது. தமிழ்ச் சொற்கள் நீளம். 'தடுப்பூசி போட்ட திகதி' என்பதற்கு நான் ஒதுக்கியிருந்த அகலம் எழுத்தைப் பெரிதாக்கினால் போதாது. அகலத்தை நான் சொல்வதை விட்டுவிட்டு, எழுத்து கேட்கும் அகலத்தையே பெட்டி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். விண்டோவும் தன் அளவை உள்ளே இருப்பவற்றைக் கேட்டே தீர்மானித்தது. திரையைவிடப் பெரிதாகப் போனால் நடுப்பகுதி மேலும் கீழும் உருளும்.

கொடுக்கக் கூடாதவை மட்டும் உருளாது. அவற்றை எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளையின் பெயரை ஒட்டிச் சிவப்பில் வைத்தேன். அகலம் குறைந்தால் எழுத்து அடுத்த வரிக்கு மடியும். மறையாது. ஓர் அளவுக்குக் கீழே விண்டோ சுருங்கவும் மறுத்துவிடும். மூன்று திரைகளிலும் பார்த்தோம். மூன்றிலும் பக்கம் வேறு வேறு மாதிரி இருந்தது. பழைய பக்கத்தின் அழகு எதிலும் இல்லை.

பத்து நாள் கழித்து அதைக் கொண்டுபோய்ப் போட்டேன். அந்தப் பெண் வேலைக்குத் திரும்பியிருந்தாள். அக்காவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்ய நாள் கொடுத்திருந்தார்கள். அதனால் அவளையும் கூடவே வைத்துக்கொண்டார்கள். நான் இருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தபோது மத்தியானம் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன் பிள்ளையைப் பார்க்க, பீலியில் ஏசிய அந்தத் தாய் வந்தார். இடுப்பில் கொழுந்து பறிக்கக் கட்டும் படங்குச்சாக்கு நனைந்திருந்தது. அந்தப் பெண் சட்டென்று எழுந்து ஓரமாக நகர்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தாய் என்னிடம் வந்தார். "நீங்கதான் இத செஞ்சதா?"

"ஆமாங்க. என் தப்புதான். மன்னிச்சிருங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. "எம் புள்ளையக் காட்டுங்க" என்றார்.

திறந்தேன். அவர் சிவப்பு வரியை வாய்விட்டு வாசித்தார். பிறகு, "இத சின்னதாக்க முடியுமா?" என்று கேட்டார். விண்டோவின் மூலையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். "நான் செய்றேன்" என்றார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தார். கொழுந்துக் கறை படிந்த விரல்கள். மூலையை மெதுவாக உள்ளே தள்ளினார். எடை மறைந்தது. தடுப்பூசி மறைந்தது. சிவப்பு வரி இரண்டாக மடிந்தது, மூன்றாக மடிந்தது. அதற்கு மேல் விண்டோ நகரவில்லை. அவர் இன்னும் இரண்டு தடவை அழுத்தித் தள்ளிப் பார்த்தார்.

"போவல" என்றார்.

"போகாதுங்க."

எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னார். பெரிதாக்கினேன். சிறிதாக்கச் சொன்னார். சிறிதாக்கினேன். நான் எழுதிய எதையும் யாரும் அத்தனை கவனமாகச் சோதித்ததில்லை.

கடைசியில் மவுஸை விட்டுவிட்டு எழுந்தார். பாயில் உட்கார்ந்து ஒரு டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்த மகளைத் தூக்கி முத்தமிட்டார். ஓரத்தில் நின்ற பெண்ணுக்கு முன்னால் போய் நின்றார்.

"அன்னைக்கு லொறிய நீதானே நிப்பாட்டுன?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"நான் அத ஒரு வார்த்த கேக்கல" என்றார் தாய். "ஏசத்தான் செஞ்சேன்." பிள்ளையை அவளுடைய கையில் கொடுத்தார். "இன்னைக்குச் சோறு நீயே ஊட்டு."

அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு அழுதாள். பிள்ளைக்கு ஒன்றும் புரியாமல் அவளுடைய காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தது. அக்கா, "சோறு ஆறுதுடி" என்று அதட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நானா பயந்ததுபோல் வேலை நின்றுவிடவில்லை. மிஸ்ஸே இன்னொரு தோட்டத்துக்கு எங்களைச் சொல்லிவிட்டார். அங்கே போனபோது நான் முதலில் செய்தது, அங்கிருந்த எல்லாத் திரைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததுதான். யாராவது போன் செய்து 'ஒரு சின்ன விசயம்' என்று ஆரம்பித்தால், எதிரில் யார் நின்றாலும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, "இப்ப அங்க உங்களுக்கு என்ன தெரியுது? மேலயிருந்து ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்று கேட்கப் பழகினேன்.

போன வருடம் அக்கா ஓய்வு பெற்றார். பிள்ளைக்காம்பரா இப்போது அந்தப் பெண்ணின் பொறுப்பில் இருக்கிறது. அண்மையில் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த கைக்குழந்தையின் விவரத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். தாயைப் பக்கத்தில் உட்கார வைத்து, "சரியா இருக்கான்னு நீங்களே ஒருக்கா வாசிங்க" என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள். அந்தத் தாய்க்கு வாசிக்கக் கொஞ்சம் சிரமம். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.